மூடியதும் வியர்த்த குழாய்: பெட்டிக்குள் ஓடும் வெப்பக் கணக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வணிகக் கட்டடம். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டியூஷன் மையம் நடத்துகிறார். வகுப்பறைக்கு வெளியே நடைபாதை. அங்கே ஏர்கோன் கிடையாது. அதன் மூலையில், கட்டடத்தின் மத்திய ஏர்கோனுக்கான குளிர்நீர்க் குழாய் ஒன்று தரையிலிருந்து கூரைவரை நிமிர்ந்து போகிறது. மேலே கறுப்பு ரப்பர் நுரை சுற்றியிருக்கும். பிள்ளைகள் புத்தகப் பையை அதில் மோதி மோதி நுரையைப் பிய்க்கிறார்கள் என்று ஜிப்சம் பலகையில் பெட்டி கட்டி மூடினார். வெள்ளை பெயின்டும் அடித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றே மாதம். பெட்டியின் அடிப்பகுதி ஊறிக் கறுத்துவிட்டது. விரலால் அழுத்தினேன், தேநீரில் நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

"மூடாம இருந்தப்ப ஒரு சொட்டு தண்ணி இல்ல தம்பி. மூடினதும் அழுகுது. இது என்ன நியாயம்?" என்றார்.

எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்களாம். ஒருவர் "பைப் லீக்" என்றார். பெட்டியைக் கீறிப் பார்த்தால் ஒழுக்கு எங்கேயும் இல்லை. இன்னொருவர் "இன்சுலேஷன் மட்டமான சரக்கு" என்றார். மூன்றாமவர், "சிலிகோன் அடிச்சு இடுக்கு இல்லாம அடைங்க சார், குளிர் வெளிய போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் மூன்றாவது பேச்சைத்தான் கட்டட வேலை நடக்கும் இடங்களிலெல்லாம் கேட்கிறேன். குழாயை மூடினால் வெப்பக் காப்பு, அதாவது இன்சுலேஷன், கூடும், எனவே எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிதான் அந்தப் பலகையை ஊறவைத்தது.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்து, கையில் ஓர் அறிவியல் கால்குலேட்டரும் இருந்தால் போதும், இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடிக் குவளை ஏன் வியர்க்கிறது?

மாமாக் கடையில் ஐஸ் மைலோ வைத்த மேசையில் இரண்டே நிமிடத்தில் வட்டமாக ஈரம் படிகிறது. குவளை ஒழுகவில்லை, அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. காற்று குளிரக் குளிர அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறையும். ஒரு கட்டத்தில் இதற்குமேல் தாங்காது என்று நீராகக் கக்கிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பெயர் பனிநிலை.

கோலாலம்பூர் நடைபாதைக் காற்றை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 26.2 டிகிரி. எந்தப் பொருளின் மேற்பரப்பு 26.2-க்குக் கீழே போனாலும் அது வியர்க்கும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தொட்டால் ஜில்லென்று இருந்தால்தான் வியர்க்கும் என்று நினைக்கிறார்கள். 25 டிகிரி மேற்பரப்பைத் தொட்டால் குளிர்ச்சியே தெரியாது, ஆனால் நம் ஊர்க் காற்றில் அது நனைந்துகொண்டிருக்கும். ஏர்கோன் குழாய் விஷயத்தில் குளிர்நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் சலுகை நமக்கில்லை.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். "குளிர் வெளியே போகிறது" என்பது பேச்சு வழக்கு. குளிர் என்று ஓடக்கூடிய ஒரு பொருள் இல்லை. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் ஓடுகிறது, அவ்வளவுதான். நடைபாதையில் 30, குழாய்க்குள் நீர் 7 டிகிரி. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. திசையை மனத்தில் சரியாகப் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வெப்பம் கடக்கும் வழி

வெப்பம் மூன்று விதமாக நகரும். கரண்டியின் ஒரு முனை அடுப்பில் இருந்தால் மறுமுனையும் சுடுகிறதே, அது கடத்தல். சூடான காற்றோ நீரோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து போவது சலனம். சாத்தே சுடுபவரின் கரிக்கங்கு எதிரே நிற்பவர் முகத்தில் உறைப்பது கதிர்வீச்சு. நடுவில் எதுவும் இல்லாவிட்டாலும் அது போகும்.

நம் குழாயில் மூன்றும் உண்டு. நடைபாதைக் காற்று தன் வெப்பத்தைச் சலனத்தாலும், சுற்றுச் சுவர்கள் கதிர்வீச்சாலும் ரப்பர் நுரையின் மேற்பரப்புக்குக் கொடுக்கின்றன. நுரைக்குள்ளும் இரும்புக்குள்ளும் கடத்தல். கடைசியில் ஓடும் நீர் அதைச் சலனத்தால் அள்ளிக்கொண்டு போகிறது.

வழியில் ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு: வெப்பத் தடை. ஒரு மீட்டர் நீளக் குழாயில் 1 வாட் வெப்பத்தைத் தள்ள எத்தனை டிகிரி வித்தியாசம் தேவையோ அதுதான் அந்த அடுக்கின் தடை. அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் தடைகளைக் கூட்டிவிடலாம். மொத்த வெப்பநிலை வித்தியாசத்தை மொத்தத் தடையால் வகுத்தால் குழாய்க்குள் வரும் வெப்பம் கிடைக்கும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த கணக்குதான் இது. இன்றும் குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் அறைப் பொறியாளர்கள் இதையேதான் போடுகிறார்கள்.

இதுவரை வந்தது: வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, அடுக்கடுக்காகத் தடைகளைத் தாண்டுகிறது, மேற்பரப்பு பனிநிலைக்குக் கீழே போனால் வியர்க்கிறது.

அடுக்குகளின் எண்கள்

இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 60 மி.மீ., சுவர்த் தடிப்பு 3.5 மி.மீ., மேலே 25 மி.மீ. ரப்பர் நுரை.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது அதன் கடத்துதிறன். இரும்புக்கு சுமார் 50. ரப்பர் நுரைக்கு 0.038. அசையாத காற்றுக்கு 0.026. நுரை வேலை செய்வதே அதன் நுண்ணறைகளுக்குள் காற்றை அசையவிடாமல் பூட்டி வைத்திருப்பதால்தான்.

குழாய் உருண்டை என்பதால் தடையைக் கணக்கிடுவதில் ஒரு சின்ன வளைவு உண்டு. வாழைத்தண்டை நினைத்துப் பாருங்கள். உள்மட்டை சுற்றளவில் சிறியது, வெளிமட்டை பெரியது. வெளியே போகப் போக வெப்பம் நுழைய வாசல் அகலமாகிறது. ஆகவே வெளியே சேர்க்கும் ஒவ்வொரு மி.மீ. நுரையும் அதற்கு உள்ளே இருக்கும் மி.மீ.-ஐவிடக் கொஞ்சம் குறைவாகவே தடுக்கும். இதைக் கணக்கில் கொண்டுவருவது இயல் மடக்கை. அறிவியல் கால்குலேட்டரில் அதற்கென்று ln என்ற பொத்தான் உண்டு. கீழே வரும் 6.28 என்பது பையின் (π) இரு மடங்கு.

தடை = இயல் மடக்கை (வெளி ஆரம் ÷ உள் ஆரம்) ÷ (6.28 × கடத்துதிறன்)

நுரைக்கு உள் ஆரம் 30, வெளி ஆரம் 55. வகுத்தால் 1.833, அதன் இயல் மடக்கை 0.606. கீழே 6.28 × 0.038 = 0.239. ஆக நுரையின் தடை 2.54.

இரும்புச் சுவருக்கு இதே கணக்கைப் போட்டால் 0.0004 வருகிறது. குழாய்ச் சுவரை ஒட்டி ஓடும் நீரையும் சேர்த்தால் 0.0024. "செம்புக் குழாய் போட்டால் குளிர் நிற்குமா, இரும்பா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நுரை சுற்றிய குழாயில் உலோகம் எதுவானாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்று. அதைப் படலம் என்போம். காற்று மந்தமாக இருக்கும் நடைபாதையில், கறுப்பு ரப்பருக்கு, சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 8 வாட் கொண்டுவரும். ஒரு மீட்டர் நீளத்தில் நுரையின் வெளிப்பரப்பு 0.3456 சதுர மீட்டர். 1 ÷ (8 × 0.3456) = 0.36. இது படலத்தின் தடை.

மொத்தம் 2.90. வெப்பநிலை வித்தியாசம் 30 − 7 = 23. வகுத்தால் மீட்டருக்கு 7.9 வாட். நுரையே இல்லாமல் வெறுங்குழாயாக இருந்தால் இதே கணக்கு 35 வாட் என்கிறது. நூறு மீட்டர் வெறுங்குழாய் என்றால் 3.5 கிலோவாட், கிட்டத்தட்ட ஒரு டன் ஏர்கோன் வழியிலேயே காணாமல் போகிறது. வெறுங்குழாயில் படியும் நீர் தரும் வெப்பம் தனி. கேஎல்சிசி வட்டாரத்திலும் புத்ராஜெயாவிலும் ஒரே நிலையத்தில் குளிர்நீர் தயாரித்துப் பல கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அவர்கள் இன்சுலேஷனில் கை வைத்துச் சிக்கனம் பார்க்க மாட்டார்கள்.

23 ரிங்கிட்டும் மூன்று கடையும்

இனி வருவதுதான் கட்டுரையின் உயிர். 23 டிகிரியை 23 ரிங்கிட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றிலிருந்து நீர்வரை போகும் வழியில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு கடை. எந்தக் கடைக்குத் தடை அதிகமோ அது அதற்கேற்ற பங்கை எடுத்துக்கொள்ளும். நீரை அடையும்போது பை காலியாக இருக்க வேண்டும்.

நுரை எடுப்பது 20 ரிங்கிட் 11 சென். காற்றுப் படலம் எடுப்பது 2 ரிங்கிட் 87 சென். இரும்பும் நீரும் சேர்ந்து 2 சென். கூட்டிப் பாருங்கள், 23.

இப்போது மேற்பரப்பு எத்தனை டிகிரி? நீர்ப் பக்கமிருந்து ஏறுங்கள். 7-இல் தொடங்கி, இரும்பின் 0.02-ஐயும் நுரையின் 20.11-ஐயும் சேர்த்தால் 27.1. பனிநிலை 26.2. தப்பித்தது. ஆசிரியர் சொன்ன "ஒரு சொட்டு தண்ணி இல்ல" என்பது பொய்யில்லை. தப்பித்தது ஒரு டிகிரிகூட இல்லாத இடைவெளியில்தான், ஆனால் அது அவருக்குத் தெரிய வழியில்லை.

கவனியுங்கள்: மேற்பரப்பைக் காப்பாற்றுவது நுரைக்குக் கிடைக்கும் பங்கு. நுரைக்கு 19 ரிங்கிட் 20 சென்னாவது கிடைத்தால் மேற்பரப்பு பனிநிலைக்கு மேலே நிற்கும். அதைவிடக் குறைந்தால் நனையும்.

நான்காவது கடை திறக்கிறது

பெட்டி 300 மி.மீ. சதுரம், 12 மி.மீ. ஜிப்சம் பலகை. அசல் பெட்டியின் இரண்டு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. கணக்கு எளிதாக இருக்க நான்கு பக்கமும் காற்றில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். எண் சற்று மாறும், கதை மாறாது.

பலகை தட்டையானது, மடக்கை தேவையில்லை. தடிப்பைக் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் போதும். ஜிப்சத்தின் கடத்துதிறன் சுமார் 0.17. பெட்டியின் சுற்றளவு 1.2 மீட்டர். 0.012 ÷ (0.17 × 1.2) = 0.06. பலகையின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் ஒவ்வொரு படலம், தலா 0.104. மூன்றும் சேர்ந்து பெட்டியின் தடை 0.27.

பழைய 2.90-உடன் கூட்டினால் மொத்தம் 3.17. வரும் வெப்பம் 23 ÷ 3.17, அதாவது 7.3 வாட். 7.9-லிருந்து 7.3. பார்த்தீர்களா, மூடினால் வெப்பம் குறைகிறது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. சுமார் எட்டு சதவீத மிச்சம்.

ஆனால் அதே 23 ரிங்கிட்டை இப்போது நான்கு கடைக்குப் பங்கு போட வேண்டும். புதுக் கடையான பெட்டி 1.94 எடுக்கிறது. குழாயின் படலம் 2.62. இரும்பும் நீரும் 0.02. நுரைக்கு மிஞ்சுவது 18.42.

18 ரிங்கிட் 42 சென். நுரைக்குத் தேவைப்பட்டது 19.20.

மேற்பரப்பு 7 + 0.02 + 18.42, அதாவது 25.4 டிகிரி. பனிநிலை 26.2. வியர்க்கிறது.

நுரை அதே நுரை. நீர் அதே நீர். பெட்டி இடையில் நுழைந்து பங்கு கேட்டது, அதனால் நுரையின் பங்கு குறைந்தது, மேற்பரப்பு குளிர்ந்தது. ஆசிரியரிடம் ஒரு பழைய தேர்வுத்தாளின் பின்பக்கம் இதை எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியார் இல்லை, ஆனாலும் விடவில்லை.

"சரி தம்பி, பெட்டிக்குள்ள காத்தும் குளிர்ந்துடுச்சில்ல? அப்ப அதோட பனிநிலையும் இறங்கணுமே?"

நல்ல கேள்வி. பெட்டிக்குள் காற்று 28.1 டிகிரிக்கு இறங்கிவிட்டது, உண்மை. ஆனால் பனிநிலையைத் தீர்மானிப்பது காற்றிலுள்ள நீராவியின் அளவு. அது இறங்கவில்லை. ஜிப்சம் பலகையும் அதன்மேல் ஒட்டிய காகிதமும் வெப்பத்தை ஓரளவு தடுக்கும், நீராவியை அவ்வளவாகத் தடுக்காது. இடுக்குகள் வழியாகவும் வரும். உள்ளே கொஞ்சம் நீராகப் படிந்தால் அந்த இடத்தை நிரப்ப நடைபாதையிலிருந்து புது நீராவி வந்துகொண்டே இருக்கும். வெளியே 80 சதவீதமாக இருந்த ஈரப்பதம் பெட்டிக்குள் சுமார் 89 ஆகிறது. சிலிகோன் அடித்தால் இடுக்கு அடையும், பலகையின் நீராவி ஊடுருவல் நிற்காது. அதோடு, படிந்த நீர் காய வழியும் இல்லாமல் போகும்.

இதுவரை வந்தது: பெட்டி வெப்பத்தைக் குறைக்கிறது. அதே நேரம் நுரையின் பங்கைப் பிடுங்கி மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. நீராவியோ தடையின்றி உள்ளே வருகிறது.

இரண்டு குழாய் இருந்தால்

பல கட்டடங்களில் போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஒரே பெட்டிக்குள் நிற்கும்: ஒன்றில் 7 டிகிரி, மற்றதில் 12. அப்போது நேராக ஒரே வரிசையில் கூட்ட முடியாது. பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஓர் இடைத்தரகராக நினையுங்கள். அவர் கையில் எதுவும் தங்காது. பலகை வழியாக வாங்கும் வெப்பம் முழுவதையும் இரண்டு குழாய்க்கும் கொடுத்துவிட வேண்டும். வரவும் செலவும் எந்த வெப்பநிலையில் சமமாகிறதோ அதுதான் பெட்டிக்காற்றின் வெப்பநிலை. அதே அளவுக் குழாய்கள், அதே நுரை என்று போட்டுப் பார்த்தால் காற்று 26.8 டிகிரிக்கு வந்துவிடுகிறது. குளிர்ந்த குழாயின் மேற்பரப்பு 24.3. இன்னும் மோசம். நெருக்கிக் கட்டியிருந்தால் இடையில் காற்று ஓடாது, எதிரே தெரிவதும் இன்னொரு குளிர்ந்த குழாய், கதிர்வீச்சும் குறையும்; 24.3-ம் நிற்காது.

பளபளக்கும் அலுமினியத் தாள் சுற்றினால் காப்பு கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். அதனால் படலத்தின் தடை ஏறி, நுரையின் பங்கு மறுபடியும் குறையும். வியர்க்கும் குழாய்க்குக் கறுப்பு மேற்பரப்புதான் நல்லது, அழகு பார்ப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

சுடுநீர்க் குழாய் என்றால் அம்புக்குறிகள் எல்லாம் திரும்பிக்கொள்ளும், கணக்கு அதேதான். அங்கே வியர்வை இல்லை என்பதால் பெட்டி உதவியாகவே இருக்கும்.

பிறகு என்ன செய்தோம்

நுரையைத் தடிப்பாக்குவது முதல் யோசனை. 25-ஐ 40 மி.மீ. ஆக்கினால் பெட்டிக்குள் இருந்தாலும் மேற்பரப்பு 26.9-க்கு ஏறிவிடுகிறது. ஆனால் நுரையின் தடிப்பு 60 சதவீதம் கூடியும் வெப்பம் 23 சதவீதம்தான் குறைந்தது; வாழைத்தண்டு விதியும் அதற்கு ஒரு காரணம். அதோடு மழை நாளை மறக்கக் கூடாது. சாயங்காலம் கொட்டித் தீர்த்தபின் நடைபாதை 28 டிகிரி, ஈரப்பதம் 90 என்று ஆனால் பனிநிலை அதே 26.2-இல் நிற்கும், காற்று மட்டும் இரண்டு டிகிரி குறைந்திருக்கும். அப்போது பெட்டிக்குள் 40 மி.மீ. நுரைகூட 25.2-க்கு இறங்கி நனையும். பெட்டி இல்லாவிட்டால் 26.4, தாங்கும். பழைய 25 மி.மீ. நுரையோ திறந்த வெளியிலேயே அந்த மாலைகளில் 25.4-க்கு இறங்கி லேசாக வியர்த்திருக்கும். மறுநாள் காற்றோட்டத்தில் காய்ந்தும் இருக்கும், அதனால்தான் அது ஆசிரியர் கண்ணில் படவில்லை.

ஆக, தடித்த நுரை வேண்டும், மூடிய பெட்டி வேண்டாம். ஊறிய பலகையைக் கழற்றினோம். பை மோதிக் கிழிந்திருந்த இடத்தில் நுரையைப் பிரித்தபோது இரும்பில் துரு ஏறியிருந்தது. நீராவி அந்தக் கிழிசல் வழியாக நேரே குழாய்வரை போயிருக்கிறது. துருவைச் சுரண்டி, காயவைத்து, பெயின்ட் அடித்து, புது 40 மி.மீ. நுரையை மூட்டுக்கு மூட்டு பசை வைத்து ஒட்டினார்கள். கிழிசலோ ஒட்டாத மூட்டோ இருந்தால் நான் மேலே போட்ட எந்த எண்ணும் செல்லாது.

பைகள் மோதாமல் இருக்க, பெட்டிக்குப் பதில் மரச்சட்டங்களை விரல் நுழையும் இடைவெளியில் நிறுத்தி ஒரு தட்டி. காற்று தாராளமாக உள்ளே போய் வருகிறது. போன வாரம் மழையில் அந்தப் பக்கம் போனேன். சட்டங்களுக்கு நடுவே கையை விட்டு நுரையைத் தடவினேன், காய்ந்திருந்தது. தட்டியில் மட்டும் ஏழெட்டுக் குடைகள் தொங்கி, தரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.